நிழல் தாண்டாத வாசல்

ஆத்தூர் பக்கம், மரவள்ளிக்கெழங்கு லாரி போற ரோட்டுல, புளிச்ச வாசனை ஆரம்பிக்கற எடத்துல மூக்கைப் புடிச்சுக்காம நாலு எட்டு வெச்சீங்கன்னா ஒரு ஜவ்வரிசி ஆலை வரும், அதுக்கு எதுத்தாப்புல ஒரு புளியமரம், மரத்தடியில ஒரு டீக்கடை, அந்தக் கடை என்னோடது, எம்பேரு அங்கம்மா. இதை எதுக்கு மொதல்லயே சொல்லிடறேன்னா, நடந்ததை நடந்த எடத்துலயே இருந்து பாத்தவ நான்தான். பேப்பர்ல போட்டவன், போட்டோ புடிச்சவன், செல்போன்ல பேசிப் போட்டவன் எல்லாரும் எங்கடையில டீ குடிச்சுட்டு, நான் சொன்னதுல பாதியை முழுங்கிட்டு மீதியை மாத்திச் சொன்னவங்க. நீங்க அப்படிச் செய்யாதீங்க, முழுசாக் கேளுங்க.

ஆலை கேட்டு கெழக்கு பாத்த கேட்டு. காத்தால வேலைக்கு ஜனங்க உள்ள நொழையறப்ப சூரியன் முதுகுக்குப் பின்னால நிக்கும், அதனால அவங்கவங்க நிழல் அவங்கவங்களுக்கு முன்னால நீட்டமா ஓடும், ஆளு கால் வெக்கறதுக்கு முந்தியே நிழல் உள்ள போயிரும். வேலைக்கு மொதல்ல போற ஆளு எப்பவும் நிழல்தான். ஆடி பொறந்து வந்த மொத திங்கக்கெழமை, சங்கு ஊதுச்சு, ஜனங்க கூட்டமா கேட்டுக்கு வந்தாங்க, நிழல்களும் வழக்கம்போல முன்னால ஓடுச்சு, ஓடி, கேட்டுக்கோட்டுல வந்து அப்படியே நின்னுருச்சு. ஆளுங்க நடந்தாங்க, நிழல் நடக்கல. ஆளுங்க அவங்கவங்க நிழலையே தாண்டி உள்ள போயிட்டாங்க, நிழல்கள் கேட்டுக்கு வெளியே கொஞ்ச நேரம் தவிச்சு நின்னுட்டு, ஒண்ணொண்ணா ரோட்டைக் கடந்து வந்து எம்மரத்தடியில உக்காந்துச்சு. மரத்து நிழல்ல மனுச நிழல் எப்படித் தெரியும்னு கேப்பீங்க. தெரிஞ்சுச்சு, ஒரு பங்கு கூடக் கருப்பா, ஈரத்துணி விரிச்ச மாதிரி தெரிஞ்சுச்சு.

யாரும் கூச்சல் போடலைங்க. கூச்சல் போட நேரம் ஏது, சங்கு ஊதினதுக்கப்பறம் நின்னா மேஸ்திரி கத்துவான். சாயங்காலம் வெளிய வந்தப்ப அவங்கவங்க நிழல் எந்திரிச்சுப் போயி அவங்கவங்க கால்ல ஒட்டிக்கிச்சு, வீடு போய்ச் சேந்தாங்க. மறுநாள் காத்தாலயும் அதே மாதிரி, அதுக்கு மறுநாளும் அதே மாதிரி.

நாலு நாள் பாத்தா அஞ்சாம் நாள் பழகிடும்னு சொல்லுவாங்க, பழகித்தான் போச்சு. வேலைக்குப் போறவங்க கேட்டுகிட்ட திரும்பி நிழலைப் பாத்து "வாரேன், வெயிலுக்குப் போயிராத"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. கெழங்குத் தோல் உரிக்கற அஞ்சலை, கைக்கொழந்தையைக் கொண்டாந்து தன் நிழல் மேலயே படுக்க வெச்சுட்டுப் போவா. அந்தப் புள்ள தாய் வாசனை தெரிஞ்ச மாதிரி அதும்மேல பொரண்டு படுத்துத் தூங்கும், சத்தம் வராது. பஸ்ஸுக்கு நிக்கறவங்க வெயிலுக்கு வந்து நிழல் மேல உக்காந்தா, உள்ள வேலை செய்யற ஆளுக்கு விக்கல் எடுத்துச்சு. அப்பறம் யாரும் கேக்காம உக்கார்றது இல்ல. வெள்ளிக்கெழமை நான் கடைக்குக் கற்பூரம் காட்டறப்ப அதுங்களுக்கும் ஒரு சுத்து காட்டிட்டு, தண்ணி தெளிச்சு விடுவேன், எதுக்குன்னு கேட்டா எனக்கே தெரியாது, வாசல்ல வந்து உக்காந்தவங்களைச் சும்மா விடறதா?

உள்ளதான் வேடிக்கை. ஜவ்வரிசி காயற களத்துல உச்சி வெயில்ல பொம்பளைங்க கட்டையால கிளறி விடறப்ப, அந்த வெள்ளை மேல ஒரு பொட்டுக் கருப்பு கெடையாது, காக்காய்க்கு ஆளு நிக்கறதே தெரியாம நேரா தலையில வந்து உக்காந்துச்சு. ஆளு புடிச்சு விடற காண்ட்ராக்டர் குப்புராஜ் இருக்கானே, அவன் புத்தி எங்க போச்சு தெரியுமா? "ஆள் பாதி, நிழல் பாதி. பாதிதான் உள்ள வருது, அதனால பாதி நாள் கூலிதான்"ன்னான். "அப்படின்னா நீ பாதி மூளையை வீட்டுல வெச்சுட்டு வர்றியே, உனக்கு என்னடா கணக்கு?"ன்னு நான் ரோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தே கேட்டேன், ஜனங்க சிரிச்ச சிரிப்புல அந்தப் பேச்சை அவன் மறுபடி எடுக்கல.

இப்ப, நிழல் ஏன் நின்னுச்சுன்னு கேட்டா எனக்குத் தெரியாது. ஆனா எது மொதல்ல நின்னுச்சுன்னு தெரியும். செங்கோடனோட நிழல்.

செங்கோடன் அந்த ஆலையில அரவை மிஷினுக்குக் கெழங்கு தள்ளற ஆளு. மாசி மாசத்துல அவன் வலது கையை மிஷின் புடிச்சு இழுத்துருச்சு, மணிக்கட்டுக்கு மேல போச்சு. ஆசுபத்திரி, கட்டு, வீடுன்னு கெடந்து, அந்தத் திங்கக்கெழமைதான் மொத தடவையா வாட்ச்மேன் வேலை கேக்கலாம்னு ஆலைக்கு வந்தான். கேட்டுகிட்ட வந்து, போகலாமா வேண்டாமான்னு தயங்கி நின்னான். கையைத் துண்டுல சுத்தி வயித்தோட அணைச்சுத்தான் வெச்சிருந்தான், நான் பாத்தேன், சத்தியமாச் சொல்றேன், ஆனா அவன் நிழல் அப்படி நிக்கல, அந்த மொட்டைக் கையை நீட்டமா நீட்டி, கேட்டுக்குக் குறுக்கால, மாட்டை மறிக்கற மாதிரி மறிச்சு நின்னுச்சு. பின்னால ஓடி வந்த அத்தனை நிழலும் அதுல முட்டித்தான் நின்னுச்சு. செங்கோடனும் உள்ள போகாம எங்கடை பெஞ்சுல வந்து உக்காந்துட்டான்.

அந்த மிஷின் கதையையும் கேட்டுக்கோங்க. பழைய மிஷின், மோட்டாருக்கும் பெரிய சக்கரத்துக்கும் நடுவுல அகலமான பெல்ட்டு ஓடும், கெழங்கு தள்ளற ஆளு அதை ஒட்டித்தான் நிக்கணும். வாங்கினப்பவே பெல்ட்டையும் சக்கரத்தையும் மூடி ஒரு கம்பிக்கூடு இருந்துச்சு. போன ஆயுத பூசைக்கு மிஷினைக் கழுவறதுக்காகக் கூட்டைக் கழட்டினாங்க. கழுவி, சந்தனம் அப்பி, குங்குமம் வெச்சு முடிச்சப்ப, ஆலை மொதலாளி ராஜவேலு, பக்தி உள்ள மனுசன்தான், மாரியம்மன் கோயில் வாசல்ல வாங்கின வெள்ளிக் கண்மலரை, சாமி மொகத்துல ஒட்டற அந்த ரெண்டு கண்ணை, கொண்டாந்து சக்கரத்துக்கு மேல சந்தனத்துல பதிச்சாரு. மிஷினுக்கு மொகம் வந்துருச்சு. பொம்பளைங்க ஆம்பளைங்க எல்லாரும் "ஆத்தா!"ன்னு கன்னத்துல போட்டுக்கிட்டாங்க, நானும் ரோட்டைக் கடந்து போயிப் போட்டுக்கிட்டேன்.

ஆத்தா மொகத்தை யாராவது கூடு போட்டு மூடுவாங்களா? மூடல. மறுநாள் மிஷின் ஓடுச்சு, அந்த வருசம் கெழங்கும் நல்லா வந்துச்சு, அரைச்ச மாவுப்பாலும் கெட்டியா எறங்குச்சு, "ஆத்தா கண்ணைத் தொறந்தா, ஆலை கண்ணைத் தொறந்துச்சு"ன்னு சொன்னாங்க. கம்பிக்கூடு வெளிய மழையில கெடந்துச்சு, ராஜவேலு பொண்டாட்டி கலாவதி அதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி கோழி கவுக்கற கூடையா வெச்சுக்கிட்டாங்க.

அப்பறம் மாசியில செங்கோடன் கை போச்சு. ஆலையில ஒருத்தரும் கூட்டைப் பத்திப் பேசல. "ஆத்தா காவு கேட்டா"ன்னாங்க. செங்கோடனே அதைத்தான் சொன்னான். "கேட்டா, குடுத்துட்டேன் அக்கா. ஊருக்கே ஒரு கை குடுத்தவன் நான்"னு, ஏதோ கோயில் கட்டினவன் மாதிரி சொல்லுவான். குப்புராஜ் பெரிய ஒத்தாசை பண்ணான்: செங்கோடன் நின்ன எடத்துல அவன் பொண்டாட்டி பாவாயியை நிக்க வெச்சான்.

அதே மிஷின், அதே சக்கரம், அதே கண்ணு. பாவாயி தெனமும் அதும் வாய்க்குக் கெழங்கு தள்ளினா. வேலைக்குப் போறதுக்கு முன்னால வளையலைக் கழட்டி எங்கடை டப்பாவுல போட்டுட்டுப் போவா. சாயங்காலம் சங்கு ஊதினா செங்கோடன் பெஞ்சுல இருந்து எந்திரிச்சு கேட்டுக்கு எதுத்தாப்புல நிப்பான். அவ வெளிய வந்ததும் மொதல்ல அவ கையைப் பாப்பான். வலது கை, இடது கை. அதைப் பாத்ததுக்கப்பறந்தான் பெரிசா ஒரு மூச்சு விடுவான், "டீ சொல்லவா?"ம்பான். நான் தெனமும் பாத்தேன்.

ராஜவேலு சும்மா இருக்கல. நிழல் போன ஆலைன்னு பேரு வந்தா சரக்கு எடுக்க வர்றவன் யோசிப்பான் இல்லீங்களா? கேட்டுல பூசணிக்காய் ஒடைச்சாரு, எலுமிச்சம்பழம் நசுக்கினாரு, வாஸ்து பாக்கறவனைக் கூட்டியாந்தாரு. அவன் வந்து கையில ஒரு பெட்டியை வெச்சு ஆட்டிப் பாத்துட்டு, கேட்டு தெசை சரியில்லைன்னான். வடக்குச் சுவத்தை இடிச்சு புதுக் கேட்டு வெச்சாங்க. நிழல்கள் சுவரோரமா வடக்குக் கேட்டு வரைக்கும் ஆளுங்ககூடவே நடந்துச்சு, கேட்டுக் கம்பியைப் புடிச்சுக்கிட்டு நின்னுச்சு, உள்ள வரல. பின்ன என்ன, சுவத்தை மறுபடி கட்டினாங்க. இடிக்கறதுக்கு ஒரு கொத்தனாரு, கட்டறதுக்கு ஒரு கொத்தனாரு, எனக்கு டீ யாவாரம்.

ஒரு நாள் மத்தியானம் ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருந்தப்ப அந்த நிழல்களை உத்துப் பாத்தேன். அத்தனையும் ஒரே மாதிரி உக்காந்திருந்துச்சு. ரெண்டு கையையும் அக்குள்ல சொருகி, இறுக்கி, குளுர்ல நடுங்கறவங்க மாதிரி. அஞ்சலை நிழலும் அப்படித்தான், களத்துல வேலை செய்யற ஆம்பளை நிழலும் அப்படித்தான், எல்லாத்தையும்விட இறுக்கமாச் சொருகியிருந்தது பாவாயி நிழல். சாயங்காலம் டீயை நீட்டிக்கிட்டே அவகிட்ட சொன்னேன். டப்பாவுல இருந்து வளையலை எடுத்து, போடாம கையிலயே வெச்சு ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு நின்னா.

ஆலைக்கு ஒரு நாள் லீவு போட்டுட்டு, பாவாயி புருசன்கிட்டகூடச் சொல்லாம பஸ் ஏறிப் போனா. தொழிற்சாலை ஆய்வாளர் ஆபீசு எங்கன்னு விசாரிச்சு, நின்னு, காத்திருந்து, சொல்லிட்டு வந்தா. நிழலைப் பத்திச் சொன்னியாடின்னு கேட்டேன். "நிழலைச் சொன்னா பைத்தியம்பாங்க அக்கா. கூடு இல்லைன்னு சொன்னேன். எம்புருசன் கை போச்சுன்னு சொன்னேன். இப்ப நான் நிக்கறேன்னு சொன்னேன்"னா.

ஆய்வாளர் வந்தாங்க. ஜெபராணின்னு பேரு, கட்டையான உருவம், பெரிய பை, பேச்சு கம்மி. ரோட்டுல எறங்கினதும் மரத்தடி நிழல்களைப் பாத்தாங்க, ஆலையைப் பாத்தாங்க, "எவ்வளவு நாளா வெளிய இருக்குதுங்க?"ன்னு எங்கிட்ட கேட்டாங்க, வேற எதையும் கேக்கல. எனக்கு அப்பவே அந்தம்மாவைப் புடிச்சுப் போச்சு. அவங்க நிழலும் கேட்டுல நின்னுருச்சு. "சரி, நீ இரு"ன்னுட்டு உள்ள போனாங்க, நானும் டீத்தூக்கை எடுத்துக்கிட்டுப் பின்னாலயே போனேன்.

மிஷின் ஓடிக்கிட்டிருந்துச்சு, பாவாயி தள்ளிக்கிட்டிருந்தா. அந்தம்மா பெல்ட்டைப் பாத்தாங்க, சக்கரத்தைப் பாத்தாங்க, வெள்ளிக் கண்ணைப் பாத்தாங்க. "இந்த எடத்துக்கு யாரு பொறுப்பு?"

ராஜவேலு கையைக் கட்டிக்கிட்டு, "நான் குத்தகைக்கு எடுத்து நடத்தறவன்தாம்மா, எடமும் கட்டடமும் சேலத்துல இருக்கறவங்களோடது"ன்னாரு. போன் போட்டா, "நாங்க வாடகைக்கு விட்டவங்க, உள்ள நடக்கறதுக்கு நாங்களா?"ன்னாங்க. "ஆளுங்க எல்லாம் காண்ட்ராக்டர் ஆளுங்கம்மா"ன்னு ராஜவேலு குப்புராஜைக் காட்டினாரு. "நான் ஆளு குடுக்கறவன், மிஷினை மேஸ்திரிதான் பாக்கறாரு"ன்னு குப்புராஜ் மேஸ்திரியைக் காட்டினான். "தள்ளறவங்க சூதானமாத் தள்ளணும்"னு மேஸ்திரி பாவாயியைக் காட்டினான். பாவாயிக்குக் காட்ட ஆளில்ல, அதனால எல்லாரும் சேந்து அவளுக்குப் பதிலா மேல காட்டினாங்க: "ஆத்தா இருக்கறா, அவ பாத்துக்குவா."

"ஆத்தாளுக்கு நான் நோட்டீசு குடுக்க முடியாதுங்க"ன்னாங்க ஜெபராணி. அப்பறம் குப்புராஜைப் பாத்து, "நீங்க மிஷினை நிறுத்தச் சொல்லுங்க"ன்னாங்க. குப்புராஜ் "நிறுத்து!"ன்னு கத்தினான். சுவிச்சுகிட்ட நின்ன மோட்டார்காரர் அசையல, ராஜவேலு மொகத்தைப் பாத்தாரு. மேஸ்திரி கத்தினான். மோட்டார்காரர் ராஜவேலு மொகத்தைப் பாத்தாரு. "நீ சொல்லும்மா"ன்னாங்க பாவாயிகிட்ட. அவ "நிறுத்துங்கண்ணா"ன்னா, மோட்டார்காரர் பாவம் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. ராஜவேலு ஒண்ணுமே சொல்லல. தொண்டை வறண்டு போயி, லேசா ஒரு கனைப்புக் கனைச்சாரு. அவ்வளவுதான், மோட்டார்காரர் கை தானாப் போயி சுவிச்சைத் தட்டுச்சு, மிஷின் முனகிக்கிட்டே நின்னுச்சு.

"பாத்தீங்களா?"ன்னாங்க அந்தம்மா, கொரலை ஒசத்தாமலே. "பத்திரத்துல யாரு பேரு, கூலி யாரு கையால வருதுன்னு எல்லாம் அப்பறம் பாக்கலாம். யாரு கனைச்சா சக்கரம் நிக்குதோ, எடம் அவரு புடியில இருக்குது. ஒரு எடம் உங்க புடியில இருந்தா, அதுக்குள்ள கால் வெக்கறவங்க வந்த மாதிரியே திரும்பிப் போறதுக்கு நீங்கதான் பொறுப்பு. சட்டம் அதைத்தாங்க சொல்லுது."

அவங்க சொல்லி முடிக்கறதுக்கும், வெளிய அஞ்சலை கொழந்தை வீல்னு அழறதுக்கும் சரியா இருந்துச்சு. தாய் நிழல் அதுக்கு அடியில இருந்து எந்திரிச்சிருச்சு. மரத்தடியில இருந்த அத்தனை நிழலும் எந்திரிச்சிருச்சு, செங்கோடன் நிழல் முன்னால, மத்ததெல்லாம் பின்னால, ரோட்டைக் கடந்து கேட்டுகிட்ட வந்து நின்னுச்சு. ஆய்வாளரை அனுப்பி வெக்க வாசலுக்கு வந்தாரு ராஜவேலு. கேட்டைத் தாண்டி கால் வெச்சாரோ இல்லையோ, எல்லா நிழலும் போயி அவரு கால்ல ஒட்டிக்கிச்சு. அந்தம்மா நிழல் மட்டும் அந்தம்மாவோட ஜீப்பு ஏறிப் போச்சு.

கூடு மாட்டற வரைக்கும் அரவை மிஷின் ஓடக் கூடாதுன்னு உத்தரவு. ராஜவேலு வீட்டுக்கு நடந்தாரு, அவருக்குப் பின்னால ஒரு ஊரே நடந்துச்சு. பட்டப்பகல்ல அவரு தெருவுக்குள்ள வந்தா மழை மேகம் எறங்கின மாதிரி இருட்டு. ஜனங்க வழி விட்டாங்க, சிரிக்கல. வீட்டுக்குள்ள போனா வீடு கருத்துச்சு, கலாவதி பகல்லயே வெளக்கு ஏத்தினாங்க, அந்தக் கம்பிக்கூட்டுக்குள்ள கெடந்த கோழிங்க பொழுது சாஞ்சிருச்சுன்னு உச்சி நேரத்துலயே தூங்கிப் போச்சு, முட்டை வெக்கல.

கலாவதி எங்கிட்ட வந்து அழுதுச்சு. "சாப்பிட உக்காந்தா அக்கா, சுத்தி எல்லாரும் உக்கார்ற மாதிரி இருக்குது. அவரு சோத்துல கை வெச்சா, அவரு கை நிழலுக்குப் பக்கத்துலயே அந்த மொட்டைக் கை நிழலும் தட்டுகிட்ட வருது. பெசையுது, பெசையுது, ஒரு வாய்கூட எடுக்க மாட்டேங்குது. அவரு சாப்பிடாமலே எந்திரிச்சுட்டாரு"ன்னுச்சு. "உம்புருசன் கெட்டவரு இல்ல கலாவதி, ஆனா நல்லவருன்னு சும்மா உக்காந்திருந்தா கூடு தானா நடந்து போயி மாட்டிக்குமா?"ன்னேன். மூக்கைச் சிந்திட்டுப் போச்சு.

நிழல் இல்லாம ஜனங்களுக்கும் சரிப்படல. வெயில் ஒடம்புக்குள்ளயே எறங்கற மாதிரி இருக்குதுன்னாங்க. கொழந்தைங்க தாயைப் பாத்து மெரண்டு அழுதுச்சு. வேலையும் நின்னு போச்சு, அரவை இல்லாம ஆலை ஏது? எல்லாக் கோவமும் யாரு மேல திரும்பும்? பாவாயி மேலதான். "சோத்துல மண்ணள்ளிப் போட்டா"ன்னு அவ காதுபடவே பேசினாங்க.

ராஜவேலு எறங்கி வந்தாரு, அதைச் சொல்லணும். மரத்தடிக்கு வந்து, அத்தனை நிழலையும் இழுத்துக்கிட்டு வந்து நின்னு, "கூட்டை மாட்டிடலாம், எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா ஆத்தா மொகத்தை மூட என் கை வராது. நீங்க யாராவது மூடறதுன்னா மூடுங்க"ன்னாரு. கண்ணு உள்ள போயிருந்துச்சு மனுசனுக்கு. கூட்டத்துல ஒருத்தரும் அசையல. மூடறவன் குடும்பத்துக்கு என்ன ஆகுமோங்கற பயம், எனக்கும்தான். குப்புராஜ் மரத்துக்குப் பின்னால போயி நின்னுக்கிட்டான்.

செங்கோடன்தான் எந்திரிச்சான். "மூடக் கூடாது"ன்னான். "அவ கேட்டா, நான் குடுத்தேன். இப்ப நீங்க கூடு போட்டுட்டா, கூடு அன்னிக்கே இருந்திருந்தா எங்கை போயிருக்காதுன்னு ஆயிருமே. அப்ப எங்கை எதுக்குய்யா போச்சு? சும்மாவா?" நான் டீ ஆத்தறதை நிறுத்திட்டேன்.

பாவாயிதான் பதில் சொன்னா. புருசன் முன்னால வந்து நின்னா. "ஆமாய்யா. சும்மாத்தான் போச்சு."

"குடுத்தேன் குடுத்தேன்னு சொல்றியே, அவ எப்பய்யா கேட்டா? மொட்டை போடறோம், முடி நம்மளே குடுக்கறோம். ஆடு வெட்டறோம், நம்மளே கொண்டு போறோம். உங்கையை நீ கொண்டு போனியா? கெழங்கு சிக்கிக்கிச்சுன்னு எடுக்கப் போன, இழுத்துக்கிச்சு, கத்தின, அந்தச் சத்தம் இன்னும் எங்காதுல இருக்குது. அது காணிக்கை இல்லய்யா." அவளும் அழுதா, அழுதுக்கிட்டே விடல. "சரி, ஆத்தா மேல அவ்வளவு நம்பிக்கை இருக்குதே உனக்கு, அப்ப சாயங்காலமானா எங்கையை ஏன்யா பாக்கற? தெனமும் மொதல்ல எங்கையைத்தானே பாக்கற? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

செங்கோடன் அப்படியே குந்திட்டான். இருக்கற ஒரு கையால மொகத்தை மூடிக்கிட்டு, சின்னப்புள்ள மாதிரி அழுதான். அவன் ஆசுபத்திரியிலகூட அழலைன்னு சொல்லுவாங்க.

பாவாயி ஜனங்க பக்கம் திரும்பினா. "மூடக் கூடாது, மூடக் கூடாதுங்கறீங்க. எந்த மாரியம்மன் கோயில்ல ஆத்தாளுக்கு முன்னால கம்பிக் கதவு இல்ல? ஒரு கோயில் சொல்லுங்க. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்னுதானே கும்புடறோம்? அவ மொகம் தெரியாமப் போச்சா? அவளுக்கு மூச்சு முட்டுச்சா? மிஷினைச் சாமியாக்கினீங்களே, கதவு வெச்சீங்களா? கதவில்லாத கருவறையில என்னை நிக்க வெச்சிருக்கீங்க!"

நான் நெனச்சு நெனச்சுப் பாத்தேன். எங்க ஊரு மாரியம்மன் கோயில், பக்கத்தூரு கோயில், எம்பொறந்த ஊரு கோயில், எல்லாத்துலயும் கம்பிக் கதவு. பூசாரியைத் தவிர யாரும் அந்தப் பக்கம் போக முடியாது. இத்தனை வருசம் கும்புட்ட எனக்கு இது தோணலையேன்னு என் தலையில நானே அடிச்சுக்கிட்டேன். "அட ஆமா!"ன்னு அஞ்சலை சொல்லுச்சு, "ஆமா"ன்னு மோட்டார்காரர் சொன்னாரு, ஆமா ஆமான்னு கூட்டம் முழுக்க ஒரு சத்தம் ஓடுச்சு.

ராஜவேலு திரும்பி வீட்டைப் பாக்க நடந்தாரு. கொஞ்ச நேரம் கழிச்சு செங்கோடன் எந்திரிச்சு, மூக்கைத் தொடைச்சுக்கிட்டு, அவரு பின்னால போனான். கோழிங்களை ரெண்டு பேருமாத் தொரத்தி விட்டாங்க, கூட்டுல இருந்த எச்சத்தைக் கலாவதி தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவுச்சு. பெரிய கூடு, ஒத்தை ஆளாத் தூக்க முடியாது, ஒரு கையால தூக்க முடியாது. ஒரு பக்கம் ராஜவேலு ரெண்டு கையாலயும் புடிச்சாரு, இன்னொரு பக்கம் செங்கோடன் ஒத்தைக் கையாலயும் தோளாலயும் புடிச்சான், அந்தத் தெரு வழியாத் சாமி சப்பரம் தூக்கற மாதிரி தூக்கிக்கிட்டு வந்தாங்க, அத்தனை நிழலும் அடியில தாங்கிக்கிட்டு வந்துச்சு. மொதலாளி தன் கையால ஒண்ணைச் சுமந்து அன்னிக்குத்தான் நாங்க பாத்தோம்.

கூட்டை மாட்டறதுக்கு ஆளை வெளியில தேடல, ராஜவேலுவே ஸ்பேனர் புடிச்சு முடுக்கினாரு. கம்பிக்குள்ள இருந்து வெள்ளிக் கண்ணு பளிச்சுன்னு தெரிஞ்சுச்சு, முன்னைவிட நல்லாவே தெரிஞ்சுச்சு. ஜெபராணியம்மா மறுபடி வந்து, மாவுத் தொட்டி ஓரத்துல கைப்புடி வெக்கச் சொன்னாங்க, தொங்கற ஒயரை எல்லாம் கட்டச் சொன்னாங்க, கெழங்கு தள்ளற ஆளு கைக்கு எட்டற தூரத்துல செவப்பா ஒரு சுவிச்சு வெக்கச் சொன்னாங்க. எல்லாம் வெச்சப்பறம் மிஷினைப் போட்டு, "பாவாயி, நிறுத்திப் பாரும்மா"ன்னாங்க. பாவாயி செவப்பு சுவிச்சை ஒரு தட்டு தட்டினா. ராஜவேலு கனைக்கல, மோட்டார்காரர் யாரு மொகத்தையும் பாக்கல, மிஷின் நின்னுச்சு. அவ சிரிச்சுட்டு, மறுபடி போடச் சொல்லி, மறுபடி நிறுத்தினா, ஆசை தீர நிறுத்தினா.

செங்கோடனுக்கு வாட்ச்மேன் வேலை குடுத்தாங்க. குடுக்காம இருந்தா நான் விட்டிருப்பனா? போன கைக்கு சட்டப்படி கெடைக்க வேண்டியதுக்கு அந்தம்மாவே எழுதிப் போட்டிருக்காங்க, அது நடக்குது, நடக்கட்டும்.

மறுநாள் காத்தால ஊரே எங்கடையில நின்னுச்சு. சங்கு ஊதுச்சு. ராஜவேலு கேட்டுகிட்ட வந்து நின்னாரு, நிழல்கள் அவரு கால்ல இருந்து கழண்டு அவங்கவங்ககிட்டப் போச்சு, அவங்கவங்க நடந்தாங்க, நிழல் முன்னால ஓடி கேட்டுக்கோட்டுல நின்னுச்சு. காக்கிச் சட்டை போட்டு செங்கோடன் கேட்டோரமா நின்னுக்கிட்டிருந்தான், அவன் நிழல் அப்பவும் அந்த மொட்டைக் கையைக் குறுக்கால நீட்டிக்கிட்டே இருந்துச்சு. நாங்க எல்லாரும் அதையே பாத்தோம். செங்கோடனும் பாத்தான். அப்பறம் குனிஞ்சு, யாரோ தூங்கறவங்களை எழுப்பற மாதிரி மெதுவா, "விடு, நான் உள்ள போயிப் பாத்துட்டேன். போகட்டும்"னான்.

அந்தக் கை எறங்குச்சு. நிழல்கள் உள்ள ஓடுச்சு, பள்ளிக்கூடம் விட்ட மாதிரி ஓடுச்சு, ஆளுங்க பின்னாலயே சிரிச்சுக்கிட்டு ஓடினாங்க. எம்மரத்தடி வெறிச்சுன்னு போச்சு, எனக்கே கொஞ்சம் வருத்தம்தான்.

சாயங்காலம் சங்கு ஊதுச்சு. செங்கோடன் கேட்டைத் தொறந்து விட்டுட்டு ஓரமா நின்னான், நான் இங்க இருந்து கழுத்தை நீட்டிப் பாத்துக்கிட்டிருந்தேன். பாவாயி வந்தா. அவன் அவளைப் பாத்தான். கையைப் பாக்கல. அவ மொகத்தைப் பாத்தான், பாத்து, கொஞ்சம் தலையைச் சாய்ச்சு, இன்னும் நல்லாப் பாத்தான்.

"ஏ புள்ள, மூக்குத்தி புதுசா?"ன்னான்.

"அடப்பாவி மனுசா"ன்னா பாவாயி, "இது நம்ம கல்யாணத்துக்கு எங்கம்மா போட்டு விட்டதுய்யா!"